மீதி வைக்கக் கூசாதீர்கள்!

மார்ச் மாதம் வந்துவிட்டால் சின்ன அறக்கட்டளைகளின் அலுவலகங்களில் ஒரு கூத்து நடக்கும். பதினொரு மாதம் காசுக்கு அல்லாடியவர்கள், பன்னிரண்டாம் மாதத்தில் கையிலிருப்பதைக் கரைக்க ஓடுவார்கள். தேவையோ இல்லையோ, நூறு தட்டு வாங்கு, ஒரு கருத்தரங்கு வை, பேனர் அடி, வவுச்சர் போடு! 31ஆம் தேதி பாஸ்புக்கில் பணம் நின்றுவிட்டால், திருட்டுச் சொத்தோடு பிடிபட்டதுபோல ஒரு பயம். சரி, செலவழித்தாயிற்று. ஏப்ரல் முதல் வாரம் சமையலம்மாவுக்குச் சம்பளம் தரவேண்டுமே? அதற்கு நிர்வாகியின் கை வளையல் அடகுக் கடைக்குப் போகும்.

அதே நிர்வாகி ஆண்டு விழா மேடையேறி, "எங்களுக்குப் பணம் முக்கியமில்லீங்க, சேவைதான் முக்கியம்" என்பார். அரங்கமே கைதட்டும்.

தோழரே, அந்தக் கைதட்டலில் மயங்காதீர்கள். தட்டிய கைகளில் ஒன்றுகூட மே மாத மளிகை பாக்கியைத் தீர்க்க வராது. உங்களை நம்பி அறுபது பிள்ளைகள் ஒரு கூரைக்குக் கீழே படுத்திருக்கிறார்கள். அல்லது இருபது முதியவர்கள், அல்லது மாலையில் பாடம் படிக்க வரும் நாலு தெருப் பிள்ளைகள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. இன்றோடு எல்லா வரவும் நின்றுபோனால், அங்கே அடுப்பு எத்தனை நாள் எரியும்? பதில் தெரியாதா? அப்படியானால் அதற்குத் துறவு என்று பெயர் சூட்டாதீர்கள். அதற்குப் பெயர் பொறுப்பின்மை. கோபம் வருகிறதா? வரட்டும்! அந்தக் கோபத்தோடு போய்க் கணக்கு நோட்டைத் திறங்கள்.

தொண்டு செய்கிறவர் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது, மீதி வைக்கக்கூடாது, சம்பளம் கேட்கக்கூடாது என்று உங்களுக்குச் சொன்னது யார்? நம் மண் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று நினைத்தவர், நாலு குடம் நெய்யைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர், நாள் தவறாமல் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்தார். ஆடு கிழடு தட்டும், சாகும். குட்டிகள் வரும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்றே கல்லில் வெட்டி வைத்தார்கள். கொடுத்தவர் மறைந்து, கொடுத்தவரின் பேரன் மறைந்த பிறகும் விளக்கு எரிய வேண்டும் என்ற கணக்கு அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு, ஆட்டு மந்தையை வைத்து மூலநிதி நடத்தத் தெரிந்திருந்தது நம்மவர்களுக்கு. கையில் கணினியும் வங்கிக் கணக்கும் ஆடிட்டரும் இருக்கிற நாம், வருகிற நெய்யையெல்லாம் ஒரே ராத்திரியில் எரித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்!

சட்டம் விடாது என்பார்கள். இதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. பதிவு பெற்ற அறக்கட்டளை, ஓர் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும் என்பதுதான் வருமான வரிச் சட்டம். மீதி 15 சதவீதத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஏன் வைத்தாய் என்று எவரும் கேட்க முடியாது. அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமா? கட்டடம் கட்ட, வண்டி வாங்க என்று நோக்கத்தைச் சொல்லி, உரிய படிவத்தைக் காலத்தில் கொடுத்து, சட்டம் சொல்லும் முதலீடுகளில் போட்டு, ஐந்து ஆண்டு வரை சேர்க்கலாம். நன்கொடையாளர் 'இது மூலநிதிக்கு' என்று எழுதிக் கொடுத்தால், விதிப்படி முதலீடு செய்யும் அந்தத் தொகை வருமானக் கணக்கிலேயே வராது. சட்டம் இத்தனை கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பூட்டுப் போட்டது நம் கூச்சம்தான். அடுத்த முறை ஆடிட்டரைப் பார்க்கும்போது, "எங்கே கையெழுத்து?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். "இந்த ஆண்டு எவ்வளவு மீதி வைக்கலாம்?" என்று கேளுங்கள். உங்கள் ஆடிட்டரே நிமிர்ந்து உட்காருவார்.

மனக்கணக்காகவே போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 24 லட்சம் வரவுள்ள ஓர் இல்லம். சட்டம் தரும் 15 சதவீதத்தை முழுதாக வைத்தால் ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ஐந்து ஆண்டில் வட்டி இல்லாமலே 18 லட்சம். அந்த இல்லத்தின் மாதச் செலவு அப்போது 1 லட்சத்து 70 ஆயிரம் என்றால், பத்து மாதத்துக்கு மேல் யார் வாசலிலும் நிற்காமல் நடத்தலாம். அவ்வளவு முடியாது, வயிற்றைக் கட்ட முடியாது என்கிறீர்களா? 5 சதவீதம் வையுங்கள். ஐந்து ஆண்டில் 6 லட்சம் வரும். மூன்று மாதம் தாங்கும். மூன்று மாதம் தாங்குகிறவரும் மூன்று நாள் தாங்குகிறவரும் நன்கொடையாளர் முன்னால் ஒரே மாதிரி நிற்பதில்லை. முன்னவர் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வருவார். பின்னவர் எதிலும் கையெழுத்துப் போடுவார். உங்கள் தன்மானத்தின் விலை அந்த 6 லட்சம்தான் என்றால், அது மலிவு.

சும்மா உணர்ச்சி வசப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைத்தால், மதுரைக்கு வாருங்கள். 1976ஆம் ஆண்டு. அரசு மருத்துவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெறுகிறார் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கண் அறுவை செய்யப் பழகி, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்வை தந்தவர். பென்ஷனை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 11 படுக்கையோடு அரவிந்த் என்ற பெயரில் ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்து நகைகள் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன்பிறந்தவர்களும் சேர்ந்து நின்றார்கள்.

இதுவரை கேட்டால் நம் ஊரில் நடக்கும் எல்லாத் தியாகக் கதையும் போலத்தான் இருக்கும். நகை அடகுக்குப் போகாத அறக்கட்டளை எங்கே இருக்கிறது? வித்தியாசம் அடுத்த ஆண்டில், அதற்கடுத்த ஆண்டில் தெரிகிறது. அரவிந்த் மருத்துவமனையின் நகை திரும்பத் திரும்ப அடகுக்குப் போகவில்லை. ஏனென்றால் அவர்கள் முதல் நாளிலிருந்து செலவைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கட்ட முடிந்தவர் கட்டணம் கட்டினார். முடியாதவருக்கு இலவசம். இரண்டு பேருக்கும் கத்தி பிடித்தது ஒரே மருத்துவர்தான். வித்தியாசம் அறையிலும் படுக்கையிலும் இருந்ததே ஒழிய, சிகிச்சையில் இல்லை. கட்டணத்தில் மிஞ்சியதை வைத்து ஒரு மாடி. அது நிரம்பி மிஞ்சியதை வைத்து இன்னொரு மாடி. பிறகு தேனி, 1988இல் திருநெல்வேலி, 1997இல் கோயம்புத்தூர், 2003இல் புதுச்சேரி. கிராமத்துக் கண் முகாமின் செலவை உள்ளூர்ச் சங்கங்களும் கொடையாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அறுவையின் செலவை மருத்துவமனை தன் மீதியிலிருந்து ஏற்றது.

அதோடு நின்றார்களா? கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலை நூறு டாலருக்கு மேல். ஏழைக்கு அதை வைக்க முடியாது, தடிமனான கண்ணாடி கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் என்று பல நிபுணர்கள் சொன்ன காலம். 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற பெயரில் லென்ஸ் தொழிற்கூடம் தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். வரவைக் கூட்டுவது ஒரு வழி என்றால், செலவின் அடிவேரைப் பிடுங்குவது இன்னொரு வழி. இரண்டையும் செய்தார்கள். 2006இல் டாக்டர் வெங்கடசாமி காலமானார். ஒருநாள்கூட மருத்துவமனை அதனால் தள்ளாடவில்லை. நிறுவனர் போன மறுவாரமே நிதி வறண்டு சாயும் அமைப்புகளை நாம் பார்த்திருக்கிறோமே, அவற்றுக்கு எதிரில் இதை வைத்துப் பாருங்கள்.

"அது கண் ஆஸ்பத்திரி சார், கட்டணம் வாங்கலாம். எங்களிடம் இருப்பது மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். யாரிடம் கட்டணம் வாங்குவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எல்லாத் தொண்டையும் விலைக்கு விற்க முடியாது. விற்கத் தேவையும் இல்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சொந்தக் காலில் நிற்கிறேன் பேர்வழி என்று மெழுகுவர்த்தி, காகிதப் பை, ஊறுகாய் என்று தொடங்கி, உள்ள காசையும் அதில் விட்ட இல்லங்கள் ஏராளம். வியாபாரம் தனிக்கலை. அது வராதென்றால் விட்டுவிடுங்கள், வெட்கமில்லை. மதுரையிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டணம் அல்ல, கணக்கு. ஒரு கண்ணுக்கு எவ்வளவு ஆகிறது என்று அவர்களுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சோறு, துணி, மருந்து மட்டும் சொல்லாதீர்கள். வாடகை, கரண்ட் பில், பராமரிக்கும் அம்மாவின் பி.எஃப்., கணக்கெழுதுகிறவர் சம்பளம், ஆடிட் கட்டணம், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளையடிப்பது, பத்து ஆண்டில் பழுதாகும் மோட்டார், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கூசாமல் சொல்லத் தெரியாதவரை, கொடுக்கிறவரும் பாதியைத்தான் கொடுப்பார்.

நிர்வாகச் செலவு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு நடுக்கம். "எங்களிடம் நிர்வாகச் செலவே கிடையாது" என்று துண்டறிக்கையில் பெருமையாக அச்சடிக்கிறோம். கணக்கெழுத ஆள் இல்லை, ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் இல்லை, வரித்துறைக்குப் போக வேண்டிய படிவம் போகவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) அதிகாரிகள் வேறு, "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் விதியில் இடமில்லை" என்று உங்கள் விண்ணப்பத்தை வெட்டுவார்கள். தலையாட்டாதீர்கள்! அந்த 5 சதவீத வரம்பு, சி.எஸ்.ஆர். வேலைக்காக அந்த நிறுவனம் தன் அலுவலகத்தில் செய்யும் நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நடத்தும் அமைப்பு அதை நிர்வகிக்கச் செய்யும் செலவு அந்த வரம்பில் வராது என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகமே 2021இல் வெளியிட்ட விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. அந்த விளக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 5 என்றால், மரியாதையாக அதை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். மறுபடி மறுத்தால் மறுக்கட்டும். விதி தெரிந்தவராக எழுந்து வருவீர்கள்.

ஒரே கொடையாளரின் நிழலில் படுத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 செப்டம்பரில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறங்கியது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதும் தடை செய்யப்பட்டது. பெரிய அமைப்புகளின் வழியாகவே பணம் பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு ஒரே மாதத்தில் வாய்க்கால் அடைபட்டது. திருத்தம் சரியா தவறா என்று வாதாட இங்கே இடமில்லை. ஒரு கையெழுத்தில் நின்றுவிடக்கூடிய பணத்தின்மேல் மொத்த வீட்டையும் கட்டக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் ஐந்து ஆண்டு வரவு செலவை வரிசையாக மேசைமேல் பரப்புங்கள். ஓர் ஆண்டுக் கணக்கு ஒன்றும் சொல்லாது. அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், விபத்தாகவும் இருக்கலாம். ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை முகம் தெரியும். பெரிய கொடையாளரின் பங்கு ஆண்டுக்காண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா? மீதி வளர்கிறதா, தேய்கிறதா? ஊழியர் சம்பளம் எத்தனை ஆண்டாக அதே இடத்தில் நிற்கிறது? ஏனென்றால் உயராத சம்பளமும் கடன்தான். எந்த ஏட்டிலும் எழுதாத கடன். ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் அது வட்டியோடு வந்து நிற்கும்.

சரி, மீதி எந்தப் பணத்தில் நிற்கும்? புராஜெக்ட் பணத்தில் மீதி வைக்க முடியாது. செலவழிக்காததைத் திருப்பித்தான் தரவேண்டும். மீதியாக நிற்கக்கூடியது, 'உங்கள் இல்லத்துக்கு' என்று மட்டும் சொல்லி வருகிற பொதுப்பணம்தான். அது உங்கள் ஊரில் இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரரிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடம், மகள் கல்யாணத்தன்று நூறு பேருக்குச் சோறு போட ஆசைப்படும் லாரி ஓட்டுநரிடம் இருக்கிறது. கேட்டீர்களா? கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைவிட நாம் பெரிய மனிதர்களா என்ன? சட்ட மேலவைத் துணைத் தலைவராக இருந்தவர் அவர். புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஊரெங்கும் நிதி கேட்டு நடந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் திறந்தபோது அதில் 12 படுக்கைகள். தனக்காகக் கேட்டால்தான் தலை குனிய வேண்டும். அவர் குனியவில்லை.

கேட்கிறபோது 80ஜி வரிச்சலுகையை மட்டும் நம்பாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்குப் போய்விட்ட சம்பளக்காரர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. சலுகைக்காகக் கொடுத்தவர் சலுகையோடு போய்விடுவார். உங்கள் கணக்கைப் பார்த்துக் கொடுத்தவர் நிற்பார். ஆகவே கணக்கைக் காட்டுங்கள். ஆண்டு வரவு செலவை, எவ்வளவு மீதி இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதோடு ஒரே பக்கத்தில் எழுதி இல்லத்தின் வாசலில் ஒட்டுங்கள். "இவ்வளவு வைத்திருக்கிறாயே, பின் எதற்குக் கேட்கிறாய்?" என்று ஒருவர் கேட்பார். நிச்சயமாகக் கேட்பார். "உங்கள் வீட்டில் அடுத்த மாதத்துக்கு அரிசி இருக்கிறதா அண்ணே? எங்கள் வீட்டிலும் இருக்கவேண்டும் இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் இந்த ஊரில் யாருமில்லை.

இப்போதே தீர்மானப் புத்தகத்தை எடுங்கள். அடுத்த அறங்காவலர் கூட்டத்தின் முதல் பொருளாக இதை எழுதுங்கள்: 'இந்த நிதியாண்டு முடிவதற்குள் ஒரு மாதச் செலவுக்குச் சமமான தொகை, தனி வைப்புக் கணக்கில் போடப்படும். அறங்காவலர் இருவரின் கையெழுத்தும் கூட்டத்தின் தீர்மானமும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. அடுத்த ஆண்டு அது இரண்டு மாதச் செலவாக வேண்டும்.' வாசித்துக் காட்டுங்கள். யாராவது முகம் சுளித்தால், அவரிடமே முதல் நன்கொடையைக் கேளுங்கள்.